7 கிலோவுக்குள் ஒரு சக்கரப் பெட்டி: சேலத்திலிருந்து விமானம் ஏறுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கவுண்டரில் இருந்த பெண் பெட்டியைத் தராசில் வைக்கச் சொன்னார். வைத்தேன். 8.6 கிலோ என்று சிவப்பு எழுத்தில் வந்தது. உள்ளே இருந்தது நாலு புடவை, ஏற்காட்டில் அக்கா அரைத்துக் கொடுத்த ஒரு கிலோ காபித்தூள், கால் கிலோ மிளகு, மகனுக்குத் தட்டுவடை, சில்லறைச் சாமான்கள். எடுத்து வெளியே வைக்க எதுவுமே மனசு வரவில்லை. கூடுதல் எடைக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் காலிப் பெட்டியை நிறுத்துப் பார்த்தேன். 3 கிலோ 400 கிராம். விமானத்துக்குள் கூடவே எடுத்துப் போகும் கைப்பெட்டிக்கு என்று எனக்குக் கொடுத்த 7 கிலோவில் ஏறக்குறைய பாதியைப் பெட்டியே தின்றிருக்கிறது. பளபளப்பாக இருக்கிறதே என்று வாங்கிய பெட்டி. கடையில் நிறத்தைப் பார்த்தேன், உள்ளே எத்தனை ஜிப் என்று பார்த்தேன், எடையை மட்டும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மகனுக்கு, அக்காவுக்கு, எங்கள் தெருவில் நாலைந்து பேருக்கு என்று பெட்டி வாங்கக் கூடவே போயிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விளம்பரத்தில் பெட்டி உருளுவது கண்ணாடி மாதிரித் தரையில். நம் பெட்டி விமான நிலையத்துக்குள் உருளுவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் தெருவிலும் பஸ்ஸிலும் படிக்கட்டிலும்தான் கிடக்கும். அதனால் பெட்டியை வீட்டு வாசலிலிருந்து யோசித்து வாங்க வேண்டும்.

முதல் படி: எங்கிருந்து, எந்த விமானத்தில்?

சேலத்துக்காரர்களுக்கு விமானம் ஏற நாலைந்து வழி இருக்கிறது. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் நம் ஊர் விமான நிலையம். சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2023 அக்டோபரில் மறுபடியும் விமானம் வரத் தொடங்கியது. அது போக பெங்களூரு, கோவை, திருச்சி, சென்னை. ஒவ்வொன்றும் பெட்டியிடம் வேறு வேறு வேலை கேட்கும்.

காமலாபுரத்துக்கு வருவது ஏடிஆர் 72 என்கிற விசிறி வைத்த சின்ன விமானம். நடைபாதைக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இருக்கை. தலைக்கு மேல் இருக்கும் ரேக் பெரிய ஏர்பஸ் விமானத்தில் இருப்பதைவிட நன்றாகவே சின்னது. பெரிய விமானத்தில் சிரமமில்லாமல் உள்ளே போன பெட்டி, இதில் மூடியை அடைக்க விடாமல் துருத்திக்கொண்டு நிற்கும். கட்டடத்திலிருந்து நேராக விமானத்துக்குள் நடக்கிற பாலமும் இங்கே கிடையாது. வெயிலில் தரையில் நடந்து, படியேறித்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே காமலாபுரம் வழியாகப் போகிறவர்களுக்குப் பெட்டியின் பருமனும், ஒரு கையால் தூக்கிப் படியேற முடியுமா என்பதும் முக்கியம்.

பெங்களூரு வழியாகப் போகிறவர்களுக்குக் கதை வேறு. சேலம் புது பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, ஓசூர் தாண்டி, பெங்களூருக்குள் இறங்கி, அங்கிருந்து வாயு வஜ்ரா என்கிற விமான நிலைய பஸ் பிடித்து, ஊரின் அந்தக் கோடியில் தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் இரண்டு முறையாவது டிக்கியில் போட்டு எடுப்பார்கள், மற்றவர்களின் மூட்டைக்கு அடியில் கிடக்கும், ரோட்டோரம் மண்ணில் இழுபடும். இங்கே உடம்பு தாங்கும் பெட்டி வேண்டும்.

திருச்சி வழியாக சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அளவுக் கணக்கு கொஞ்சம் மாறும். அதை அடுத்து சொல்கிறேன்.

இரண்டாம் படி: இன்ச் டேப்பை எடுங்கள்

நம் நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குக் கைப்பெட்டி ஒன்று, எடை 7 கிலோ. நீளம், அகலம், பருமன் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடவே ஒரு லேப்டாப் பை அல்லது பெண்கள் கைப்பை. இண்டிகோ 55, 35, 25 என்று சொல்கிறது. ஏர் இந்தியா 55, 40, 20 என்று சொல்கிறது. கூட்டினால் இரண்டுமே 115தான், ஆனால் ஒன்றுக்கு வாங்கிய பெட்டி இன்னொன்று பெட்டியை வைத்துப் பார்க்கும் கம்பிச் சட்டத்துக்குள் நுழையாமல் போகலாம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் ஸ்கூட் விமானத்தில் 54, 38, 23. மலேசியா போகும் ஏர்ஏசியாவில் 56, 36, 23.

எல்லாவற்றிலும் குறைந்த எண்ணை எடுத்துப் பாருங்கள்: உயரம் 54, அகலம் 35, பருமன் 20. இதற்குள் அடங்கும் பெட்டி இந்த நாலு நிறுவனங்களின் அளவுக்கும் பொருந்தும். 20 சென்டிமீட்டர் பருமனில் பெட்டி கிடைப்பது கஷ்டம், எனக்குத் தெரியும். 22, 23 வரை உள்ள துணிப் பெட்டியை வாங்கி முன் ஜேப்பைப் புடைக்க அடைக்காமல் விட்டால் அமுங்கிக்கொடுக்கும். கெட்டி ஓடு உள்ள பெட்டி அப்படி அமுங்காது.

கடையில் 'கேபின் சைஸ் 20 இன்ச்' என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். அந்த 20 இன்ச் பல பெட்டிகளில் சக்கரத்தையும் மேல் கைப்பிடியையும் விட்டுவிட்டு, உடம்பை மட்டும் அளந்தது. விமான நிறுவனம் அளப்பது சக்கரத்தின் அடியிலிருந்து மேல் கைப்பிடியின் உச்சி வரை. 55 சென்டிமீட்டர் என்பது 21.7 இன்ச். ஆகவே சீட்டை நம்பாமல், பெட்டியைத் தரையில் நிறுத்தி, டேப்பைத் தரையிலிருந்து பிடித்து அளந்து பாருங்கள். பக்கவாட்டில் கைப்பிடி துருத்திக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

சில பெட்டிகளில் நடுவில் கூடுதலாக ஒரு ஜிப் சுற்றி ஓடும், திறந்தால் பெட்டி இரண்டு இன்ச் உப்பும். அது கவுண்டரில் கொடுத்துவிடும் செக்-இன் பெட்டிக்கு நல்ல வசதி. கைப்பெட்டியில் அதைத் திறந்தால் அளவு மீறிவிடும், எடையும் மீறிவிடும். அந்த ஜிப்புக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

மூன்றாம் படி: காலிப் பெட்டியின் எடை

இதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

கைப்பெட்டிகளின் காலி எடை பெரும்பாலும் 2 கிலோவில் தொடங்கி மூன்றரை கிலோ வரை போகும். 2.2 கிலோ பெட்டி என்றால் உங்கள் சாமானுக்கு 4.8 கிலோ மிச்சம். 3.2 கிலோ பெட்டி என்றால் 3.8தான். இடையில் இருக்கும் ஒரு கிலோ சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு முழுப் பாக்கெட் காபித்தூள் அது. அல்லது ஒரு ஜீன்ஸும் இரண்டு சட்டையும். பட்டுப்புடவை கட்டுகிறவர்களுக்கு ஒரு புடவை. ஒவ்வொரு பயணத்திலும், பெட்டி உழைக்கும் அத்தனை வருஷமும், அந்த ஒரு கிலோவை இழந்துகொண்டே இருப்பீர்கள்.

என் கணக்கு இதுதான்: இரண்டரை கிலோவுக்கு மேல் இருந்தால் கைப்பெட்டியாக வாங்காதீர்கள். அதற்காக ஒன்றரை கிலோ என்று ஒருவர் காட்டினால் சந்தோஷப்பட்டு உடனே வாங்கவும் வேண்டாம். எடையை எங்கே குறைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் இழுகுழாயின் கனத்திலும் சக்கரத்திலும் கைவைத்திருப்பார்கள்.

சீட்டில் எழுதியிருக்கும் எடையை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கொக்கியில் மாட்டித் தூக்கினால் எடை காட்டும் கையடக்கத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெட்டிக்கு முன்னால் அதை வாங்குங்கள். கடையில் பெட்டியை நிறுக்கவும், பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் வீட்டிலேயே நிறுத்துக் கிளம்பவும் அது உதவும்.

நான்காம் படி: சக்கரம் இரண்டா, நாலா?

இப்போது கடைக்குப் போனால் நாலு சக்கரப் பெட்டிதான் வரிசையாக நிற்கும். விரல் தொட்டால் நாலு பக்கமும் சுழலும். பார்க்க அழகு, கடைத் தரையில் ஓட்டிப் பார்த்தால் ஆசை வந்துவிடும். இரண்டு சக்கரப் பெட்டியைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. சில கடைகளில் உள்ளேயிருந்து தேடி எடுத்துத் தருவார்கள்.

சக்கரம் வைத்த பெட்டிக்கே வயது அதிகமில்லை. அமெரிக்காவில் பெர்னார்ட் சாடோ என்பவர் 1972ல் காப்புரிமை வாங்கினார். அது படுத்திருக்கும் பெட்டிக்கு அடியில் சக்கரம் வைத்து, வாரால் இழுப்பது. இன்று நாம் பிடித்து இழுக்கும் வடிவம், நிமிர்ந்து நிற்கும் பெட்டி, இரண்டு சக்கரம், நீளும் கைப்பிடி, 1987ல் ராபர்ட் பிளாத் என்ற விமானி செய்தது. விமானத்தில் வேலை செய்கிறவர்கள் தினமும் இழுத்துக்கொண்டு நடப்பதற்காகப் பிறந்த பெட்டி அது. எனக்கு அதில்தான் நம்பிக்கை. காரணம் சொல்கிறேன்.

ஏற்காடு பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவு. நாலு சக்கரப் பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மேலே ரேக்கில் இடமில்லாமல் காலடியில் நிறுத்தியிருந்தேன். முதல் வளைவில் பெட்டி தானாக நகர்ந்து பக்கத்து இருக்கைப் பாட்டியின் முழங்காலில் போய் முட்டியது. இழுத்து வைத்தேன். அடுத்த வளைவில் எதிர்ப்பக்கம் ஓடியது. மேலே போய்ச் சேரும் வரை இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டு சக்கரப் பெட்டிக்கு முன்பக்கம் இரண்டு குமிழ் கால் இருக்கும். வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும்.

தெருவிலும் அதே கதைதான். நாலு சக்கரத்தில் ஒவ்வொன்றும் சின்னது, தனித்தனி முள்ளில் சுழல்வது. ஜல்லி பெயர்ந்த ரோடு, சிமெண்ட் மூடிக்கு நடுவில் இடைவெளி விட்ட சாக்கடை ஓரம், ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் சொரசொரப்பு, இங்கெல்லாம் நாலும் நாலு பக்கம் திரும்பிக்கொண்டு நிற்கும். கடைசியில் அதையும் சாய்த்து இரண்டு சக்கரத்தில்தான் இழுப்போம். அப்போது முழு எடையும் சின்னச் சக்கரம் இரண்டின் மேல் விழும். சக்கரத்தின் கழுத்து முறிவது அப்போதுதான்.

இடமும் ஒரு விஷயம். சுழல் சக்கரம் பெட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அளவு அதையும் சேர்த்துத்தான் என்பதால், 55 சென்டிமீட்டரில் நாலைந்து சென்டிமீட்டர் சக்கரத்துக்கே போய்விடும். இரண்டு சக்கரப் பெட்டியில் சக்கரம் மூலைக்குள் பதிந்திருக்கும். அதே வெளி அளவில் உள்ளே கொஞ்சம் கூடுதலாக அடுக்கலாம்.

இவ்வளவு சொன்னாலும், தோள்வலி, மணிக்கட்டு வலி இருக்கிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நாலு சக்கரம்தான் நல்லது. சாய்த்து இழுக்கும்போது பெட்டியின் எடையில் ஒரு பங்கு கையில் ஏறும். நிமிர்த்தித் தள்ளும்போது கையில் எடையே இருக்காது. வீட்டு வாசலில் கார் ஏறி விமான நிலைய வாசலில் இறங்குகிறவர்களுக்கும் அதுவே சுகம். அப்படி வாங்கினால் ஒவ்வொரு மூலையிலும் ஒற்றைச் சக்கரம் இல்லாமல் ஜோடிச் சக்கரமாக இருக்கும்படி பாருங்கள்.

எந்த வகையானாலும் சக்கரத்தை நகத்தால் அழுத்துங்கள். கண்ணாடி மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் என்றால் ரோட்டில் கடகடவென்று சத்தம் போடும், அதிர்ச்சி முழுவதும் அச்சுக்குப் போகும். லேசாக நகம் பதிகிற ரப்பர் மாதிரியான மேல்பூச்சு இருந்தால் நல்லது. அடுத்து, பெட்டியைத் திறந்து உள்துணியின் ஜிப்பை இறக்கி, சக்கரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்குரு போட்டு முடுக்கியிருந்தால் நாளைக்குச் சக்கரம் மாற்றலாம். ரிவெட் அடித்திருந்தால் மாற்றுவது பெரும்பாடு. பெட்டியின் மற்ற பாகமெல்லாம் நன்றாக இருக்கும்போது, சக்கரம் ஒன்று போனதற்காகப் பெட்டியையே பரணில் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: ஓடா, துணியா?

கெட்டி ஓட்டில் மூன்று வகை. விலை குறைந்த பெட்டிகள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் அடிபட்டால் விரிசல் விடும். விடுவதற்கு முன் வளைந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரியும். பாலிகார்பனேட் வளைந்துகொடுத்துத் திரும்பும், விலை கூடுதல். மூன்றாவது பாலிப்ரொப்பிலீன். நம் வீட்டு டப்பாக்கள், வாளிகள் செய்யும் அதே குடும்பம். மூன்றிலும் அடர்த்தி குறைந்தது அதுதான், தண்ணீரில் மிதக்கும். வளைந்தாலும் சட்டென்று உடையாது. ஓட்டுப் பெட்டிதான் வேண்டும் என்றால், நம் பஸ் டிக்கி வாழ்க்கைக்கு என் கை பாலிப்ரொப்பிலீன் பக்கம்தான் போகும்.

கடையில் சோதிக்க ஒரே வழி: மூடிய பெட்டியின் நடுவில் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்துங்கள். உள்ளே போய், கையை எடுத்ததும் டப்பென்று எழுந்து வர வேண்டும். அசையவே மாட்டேன் என்று முறைத்துக்கொண்டு நிற்கும் ஓடுதான் உடையும்.

துணிப் பெட்டி பாலியெஸ்டரிலோ நைலானிலோ வரும். சீட்டில் 'டெனியர்' என்று ஒரு எண் இருக்கும். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்த எண். எண் கூடினால் நூல் தடிமன், துணி கனம். ஒரே எண்ணில் நைலான் பாலியெஸ்டரைவிட உராய்வைத் தாங்கும்.

நான் கைப்பெட்டிக்குத் துணியையே சொல்வேன். ஓட்டுப் பெட்டி நடுவில் பிளந்து புத்தகம் மாதிரித் திறக்கும். அதைத் திறக்க இரண்டு மடங்கு இடம் வேண்டும். ரயில் பெர்த்தில், ஆஸ்பத்திரி அறையில், மகனின் ஒற்றை அறை வீட்டில் அந்த இடம் கிடைக்காது. துணிப் பெட்டி மேல் மூடியாகத் திறக்கும், சுவரை ஒட்டி வைத்தே துணி எடுக்கலாம். பாதுகாப்புச் சோதனையில் லேப்டாப்பையும் பவர் பேங்கையும் வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வார்கள். முன் ஜேப்பில் வைத்திருந்தால் பெட்டியையே திறக்காமல் எடுத்து நீட்டிவிடலாம்.

மழைதான் துணியின் பலவீனம். துணிக்கு உள்பக்கம் பூச்சு இருந்தாலும் ஜிப் வழியாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே துணிமணியை ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தால் போதும். ஐப்பசி மழையில் ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்தபோது அப்படித்தான் என் புடவைகள் தப்பின.

ஆறாம் படி: கைப்பிடி, ஜிப், பூட்டு

இழுகுழாயை முழுக்க மேலே இழுத்து, பிடியைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆடும், ஆட வேண்டும். கடகடவென்று ஆடினால் வேண்டாம். பொத்தானை அமுக்கி இருபது தடவை ஏற்றி இறக்குங்கள், ஒரு தடவை கூடச் சிக்கக் கூடாது. உயரமானவர்கள் இழுத்தபடி நாலு அடி நடந்து பாருங்கள். குழாய் குட்டையாக இருந்தால் குதிகாலில் பெட்டி இடிக்கும்.

மேல் கைப்பிடி போக பக்கவாட்டிலும் ஒன்று வேண்டும். ரேக்கில் தூக்கி வைக்கும்போது ஒரு கை பக்கவாட்டுப் பிடியில், இன்னொரு கை அடியில். அடியில் விரல் நுழையப் பள்ளம் இருந்தால் இன்னும் நல்லது.

ஜிப்பில் ரன்னர் மூலை திரும்பும்போது திணறுகிறதா என்று பாருங்கள். ஒரு உண்மையையும் தெரிந்துகொள்ளுங்கள்: சாதாரண சுருள் ஜிப்பை ஒரு பால்பாயிண்ட் பேனா முனையால் பிளந்து திறந்துவிடலாம். பூட்டிய ரன்னரை ஒரு சுற்று ஓட்டினால் திறந்த தடயமே இல்லாமல் மூடிக்கொள்ளும். ஆகவே பூட்டு இருக்கிறது என்று நகையை உள்ளே விட்டுவிடாதீர்கள். இரட்டை அடுக்கு ஜிப் உள்ள பெட்டிகளில் இது அவ்வளவு எளிதல்ல. டிஎஸ்ஏ பூட்டு என்பது அமெரிக்க அதிகாரிகள் தங்கள் சாவியால் திறந்து சோதிப்பதற்காக வந்தது. ஹைதராபாத், கொச்சி போகிறவர்களுக்கு அதற்காகத் தனியாகப் பணம் தரத் தேவையில்லை.

பெட்டியிலேயே சார்ஜர் பேட்டரி வைத்த 'ஸ்மார்ட்' வகைகளைத் தவிர்த்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்ற முடியாத பெட்டியை 2018லிருந்தே விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை.

ஏழாம் படி: அரிசிப் பையோடு கடைக்கு

காலிப் பெட்டியை உருட்டிப் பார்ப்பது வீண். எந்தக் காலிப் பெட்டியும் நன்றாகத்தான் உருளும். நான் 5 கிலோ அரிசிப் பை ஒன்றைக் கையோடு கொண்டுபோவேன்.

"என்னங்கக்கா, அரிசியோட வந்திருக்கீங்க?" என்று கேட்டான் கடைத் தம்பி.

"இதை உள்ளே வெச்சு இழுத்துப் பாக்கணும் தம்பி. வெளிய ரோட்டுல ரெண்டு நடை போயிட்டு வரலாமா?"

கொஞ்சம் யோசித்தான். முதலாளியைப் பார்த்தான். "கீறல் விழாமப் பாத்துக்கோங்கக்கா" என்று அவனே கூட வந்தான். மூன்று பெட்டியை அப்படி வாசலில் இழுத்துப் பார்த்தோம். கடைக்குள் பட்டு மாதிரி ஓடிய ஒரு பெட்டி, வாசல் சரிவில் இறங்கியதும் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அதைவிட ஆயிரம் ரூபாய் குறைவான இன்னொன்று நேராக வந்தது. அதைத்தான் வாங்கினோம்.

அதே அரிசியோடு பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். பிறகு ஐந்தாறு படி ஏறிப் பாருங்கள். பெட்டியை எடுத்துப் போகப் போகிறவர் யாரோ அவர்தான் தூக்க வேண்டும். அம்மாவுக்கு வாங்கும் பெட்டியை மகன் தூக்கிப் பார்த்துச் சொல்வது செல்லாது.

விலைச் சீட்டில் எட்டாயிரம், பத்தாயிரம் என்று அடித்து, மூன்றில் ஒரு பங்குக்குத் தருவதாகச் சொல்வார்கள். வருஷம் முழுக்க அந்தத் தள்ளுபடி இருக்கும். அடித்த விலையை மறந்துவிட்டு, கையில் கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று மட்டும் பாருங்கள். வாரண்டி அட்டையையும் நின்று படியுங்கள். பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்குத்தான் பொறுப்பேற்பார்கள், தேய்மானத்துக்கும் விமானத்தில் அடிபட்டதற்கும் இல்லை. சக்கரமும் இழுகுழாயும் அதில் அடங்குமா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

எட்டாம் படி: நம் ஊர்ச் சாமானை அடுக்குவது

கனமானது சக்கரத்துப் பக்கம், அதாவது பெட்டி நிற்கும்போது அடியில். மேலே கனம் ஏறினால் இரண்டு சக்கரப் பெட்டி முன்னால் கவிழும்.

தட்டுவடையைக் கெட்டி டப்பாவில் போட்டு நடுவில், துணிக்கு இடையில். காபித்தூளும் மிளகும் சீல் வைத்த பாக்கெட்டாக இருக்கட்டும். மாம்பழம் கொண்டுபோகலாம், ஆனால் எடையைப் பாருங்கள், நல்ல மல்கோவா நாலைந்து எடுத்தாலே ஒரு பெரிய பங்கு போய்விடும். மிளகாய் ஊறுகாயைக் கைப்பெட்டியில் விடமாட்டார்கள். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அதை எடுத்துப் போகவே வேண்டாம். வெளிநாடு போகிறவர்களுக்கு எண்ணெய், நெய், ஷாம்பு எதுவானாலும் ஒரு பாட்டில் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் பைக்குள் அடங்க வேண்டும். செவ்வாப்பேட்டையில் வாங்கிய கொலுசு, வெள்ளிச் சாமான்கள் கட்டாயம் உங்கள் கையோடுதான் இருக்க வேண்டும், பில்லோடு.

பவர் பேங்க் எப்போதும் கையோடுதான், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட் அவர் வரை கேள்வியில்லை. பவர் பேங்க் மேல் பெரும்பாலும் எம்ஏஎச் என்றுதான் போட்டிருக்கும்: அதை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கணக்கு வரும். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட் அவர், தாராளமாகப் போகும்.

அடுக்கி முடித்ததும் தராசில் மாட்டுங்கள். 6.7 வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். நம் தராசுக்கும் அவர்கள் தராசுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்.

ஒன்பதாம் படி: வாசலில் பெட்டியைக் கேட்டுவிட்டால்

சின்ன விமானத்தில், கூட்டமான நாளில், ஏறும் இடத்திலேயே பெட்டியை வாங்கிக் கீழே சரக்கு அறையில் போட்டுவிடுவதுண்டு. அந்த நேரத்தில் வரிசை நடுவில் நின்று பெட்டியைத் திறந்து பவர் பேங்கைத் தேடுவது பெரும் அவஸ்தை. அதற்காகவே நான் ஒரு மடித்த துணிப்பையை முன் ஜேப்பில் வைத்திருப்பேன். பவர் பேங்க், மாத்திரை, சாவி, நகை, கண்ணாடி, லேப்டாப், எல்லாம் முன் ஜேப்பிலிருந்து அப்படியே அதற்குள் போகும். அரை நிமிஷம்.

பெட்டியை வாங்கும்போது அதற்கு ஒரு அட்டைத் துண்டு தருவார்கள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் பெட்டியை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கிப் பார்க்கும்போது சக்கரமோ கைப்பிடியோ உடைந்திருந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அங்கேயே எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். பன்னாட்டுப் பயணத்துக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கான புகாரை 7 நாளுக்குள் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். இந்தியா 2009லிருந்து அதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

ஊர் திரும்பியதும் பெட்டியைத் தலைகீழாகப் போட்டுச் சக்கரத்தைப் பாருங்கள். அச்சில் முடி சுற்றியிருக்கும். என் பெட்டியில் பூ கட்டும் நாரும், ஜவ்வரிசி மூட்டையிலிருந்து பிரிந்த பிளாஸ்டிக் நூலும் சுற்றி இறுகி, சக்கரம் சுற்றாமல் தேய்ந்துகொண்டே வந்திருந்தது. ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. பழைய ஊசியாலோ சின்னக் கத்திரியாலோ அதை வெட்டி எடுங்கள். ஈரத்துணியால் மண்ணைத் துடைத்துக் காயவிடுங்கள். அச்சில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு, சக்கரத்தை விரலால் நாலு சுற்றுச் சுற்றி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் அதிகமானால் அதில் மண் ஒட்டிக்கொண்டு பழையபடி சிக்கும். பரணில் ஏற்றும்போது பெட்டியை நிற்க வைக்காமல் படுக்க வைத்தால் சக்கரத்தின் மேல் பாரம் இறங்காது.